கரையில் நின்றே விரால் பிடிக்கலாம்: நெல்லைக் குளங்களுக்கு ஒரு கைக்குறிப்பு

விரால் பிடிக்கப் படகும் வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். நம்ம பக்கத்துக் குளங்களில் நல்ல விரால் நிற்கிற இடம் பெரும்பாலும் கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள்தான் இருக்கும். நடுக்குளத்தைப் பார்த்து ஓங்கி வீசுகிறவர்கள் விரால் தலைக்கு மேலேயே வீசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ராடு (தூண்டில் கம்பு), எந்த ரீல் (நரம்பு சுற்றுகிற உருளை), எந்த லூர் (செயற்கை இரை) என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன், ஆனால் குளத்தைப் பார்க்கத் தெரிந்தவன் மூங்கில் கம்பை வைத்தே பிடித்துவிடுவான், பார்க்கத் தெரியாதவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் ராடு வாங்கிக் கொடுத்தாலும் ஆகாயத்தாமரையைத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் குளத்தைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள். விரால் காற்றைக் குடிக்கிற மீன். செவுள் இருந்தாலும் அது போதாது, அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். இதனால்தான் சாக்கடை கலந்து மற்ற மீன் செத்து மிதக்கிற குளத்திலும் விரால் தாக்குப்பிடிக்கிறது, கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது, மழைக்கு ஈர வயலில் வழுக்கிக்கொண்டே அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. அப்புறம், விரட்டிப் பிடித்துச் சாப்பிடுகிற பழக்கம் இதற்குக் குறைவு. பாசிக்குள் அசையாமல் நின்று, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் அடிக்கும். தவளை, கெண்டைக்குஞ்சு, தட்டான், தண்ணீரில் விழுந்த வெட்டுக்கிளி, எதுவானாலும் சரி.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் ஏரிக்கரையில் நின்று பாஸ் மீன் பிடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நிறையப் பையன்கள் இதில் இறங்குகிறார்கள். தப்பில்லை. பாஸும் செடிக்குள் ஒளிந்து அடிக்கிற மீன்தான், பாசிக்கு மேலே இழுக்கிற ரப்பர் தவளை அதற்காகச் செய்யப்பட்டு நம்ம விராலுக்கும் அப்படியே பொருந்திப்போன சாமான். ஆனால் ஒன்று, அந்த வீடியோக்களில் பிடித்த மீனின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் கவ்வித் தூக்கிக் காட்டுவார்கள். பாஸ் வாயில் பல் அரம் மாதிரி சொரசொரவென்றுதான் இருக்கும், அதனால் அவர்களுக்கு அது சரி. விரால் வாயில் நல்ல கூரான பல் இருக்கிறது. விரலை விட்டீர்கள் என்றால் அன்றைக்குத் தூண்டில் அத்தோடு முடிந்தது.

எங்கே போடலாம், எங்கே கூடாது

நம்ம குளங்களில் பலவற்றுக்கு மீன்பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமைக்கான ஏலம், உண்டு. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சை வாங்கி விட்டிருப்பார். அந்தக் குஞ்சைத் தின்கிற மீன் விரால், ஆனால் சந்தையில் மற்ற குளத்து மீனைவிட நல்ல விலைக்குப் போவதும் விரால்தான், அதனால் கேட்காமல் பிடித்தால் சண்டை வரத்தான் செய்யும். மடைக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவரிடம் போய், "அண்ணாச்சி, ஒத்தத் தூண்டில்தான், விராலுக்கு மட்டும் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். சிலர் தலையாட்டிவிடுவார்கள், சிலர் பிடித்ததற்கு எடை போட்டுக் காசு கேட்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்றால் அடுத்த குளத்துக்குப் போங்கள், இந்த மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? ஆனால் குத்தகைக்காரர் ஒரு முறை சரி என்றார் என்பதற்காக அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கூந்தன்குளம் 1994இலிருந்து பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டில் பையோடு கரை ஏறவே வேண்டாம். காரையாறு, சேர்வலாறு எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிற தண்ணீர், அதுவும் ஆகாது. பாபநாசம் கோயில் படித்துறை மீனுக்கு வருகிறவர்கள் பொரி போடுவார்கள். அந்த மீன் மேல் கை வைத்தால் காவல்காரருக்கு முன்னால் ஊரே வந்துவிடும்.

குளத்தைப் பார்ப்பது

நம்ம பக்கம் குளம் இரண்டு வகை. தாமிரபரணியில் இருக்கிற 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற கால்வாய்களில் (கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், திருநெல்வேலி கால்வாய் என்று போகிறதே, அவை) தண்ணீர் வாங்குகிற குளங்கள் ஒன்று. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற மானாவாரிக் குளங்கள் இன்னொன்று. கால்வாய்க் குளத்தில் வருஷத்தில் பெரும்பாதி தண்ணீர் இருக்கும், விராலும் கூடுதல், கூடவே ஆகாயத்தாமரையும் கூடுதல். மானாவாரிக் குளத்தில் மழை முடிந்து மூன்று நாலு மாதம்தான் ஆட்டம், ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பதால் கற்றுக்கொள்ள அதுதான் நல்லது. நீங்கள் புதுசு என்றால் தெளிந்த குளத்தில் தொடங்குங்கள்.

கரையில் ஏறியதும் வீசாதீர்கள். கம்பைக் கீழே வைத்துவிட்டு மடையிலிருந்து மறுகால் (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம்) வரைக்கும் ஒரு நடை நடங்கள், மெதுவாக, கரையின் உச்சியில் நடக்காமல் ஓரமாக இறங்கி நடங்கள். உச்சியில் நின்றால் வெயிலில் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், அந்த இடத்தில் நிற்கிற விரால் அத்தோடு உள்ளே போய்விடும். தொம் தொம் என்று கால் பதித்து நடந்தாலும் அதே கதைதான், மண்கரை அதிர்வு தண்ணீருக்குள் நன்றாகவே போய்ச்சேரும்.

நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? மூச்சு எடுப்பதை. கெண்டை துள்ளினால் சளப் என்று சத்தம் வரும், மீன் உடம்பும் தெரியும். ஜிலேபி மீன் (திலாப்பியா) மேலே வந்தால் சின்னச் சின்ன வாய் வட்டமாக நிறையத் தெரியும். விரால் மூச்சு எடுப்பது வேறு மாதிரி: மூக்கு நுனி மட்டும் வந்து போகும், "ப்ளக்" என்று ஒரு அடங்கிய சத்தம், ஒரே ஒரு வளையம், கொஞ்சம் கழித்து இரண்டு மூன்று குமிழி. பாசிக்குள் என்றால் வளையம்கூடத் தெரியாது, இலை ஒன்று காற்றில்லாமல் அசையும், அவ்வளவுதான். அந்த இடத்தைக் கரையில் இருக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பனைக்கு நேரே, அந்தக் கல்லுக்கு வலப்பக்கம் என்று. விரால் தொந்தரவு இல்லாவிட்டால் இடம் மாறாது, காத்திருந்தால் திரும்பவும் அங்கேயே மூச்சு எடுக்கும். இரண்டாவது முறை அதே இடத்தில் வந்தால் அது உங்கள் மீன் என்று எடுத்துக்கொள்ளலாம். காற்று எடுக்க வருகிற அந்த ஒரு பழக்கம்தான் இந்த மீனைக் காட்டிக்கொடுக்கிறது. பாஸ் பிடிக்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்கள் தண்ணீருக்கடியில் மீனைக் காட்டுகிற எக்கோ மெஷின் எல்லாம் வைத்துத் தேடுகிறார்கள்.

மூச்சு தெரியவில்லை என்றால் இடத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மடைக்கல்லைச் சுற்றி ஆழமும் நிழலும் இருக்கும், முதல் இடம் அது. கால்வாய் குளத்துக்குள் வந்து விழுகிற வாய் அடுத்தது, புதுத்தண்ணீரில் கெண்டைக்குஞ்சு எதிர்த்து ஏறும், அதன் ஓரத்தில் கோரைக்குள் விரால் நிற்கும். குளத்துக்குள்ளே நிற்கிற கருவேல மரத்தடி, விழுந்து கிடக்கிற கொப்பு, சம்பை முளைத்த திட்டு, எல்லாமே பார்க்க வேண்டியவை. ஆகாயத்தாமரை முழுக்க மூடிய குளம் என்றால் மலைத்துப் போகாதீர்கள். பாயாக மூடிய இலையில் எங்கே ஒரு சோற்றுத்தட்டு அளவுக்குத் தண்ணீர் தெரிகிறதோ அந்தப் பொத்தல்தான் மூச்சு எடுக்கிற வாசல். சுத்தமாக, செடியே இல்லாமல் விரிந்து கிடக்கிற தண்ணீரை விட்டுவிடுங்கள், பார்க்கத்தான் அழகு.

இன்னொரு இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோடையில் வண்டலும் கரம்பையும் அள்ளிய பள்ளம் குளத்துக்குள்ளே இருக்கும். நிறைகுளமாக இருக்கும்போது அது தெரியாது, மாசி பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க மீன் எல்லாம் அதில் சேரும். வைகாசியில் வற்றிக் கிடக்கும்போதே ஒரு தடவை போய் எந்தப் பள்ளம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறவனுக்கு அடுத்த வருஷம் வேலை சுலபம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உடைந்து பிறகு அடைத்த கரைகளிலும் இப்படி ஆழமும் மேடும் மாறிக் கிடக்கலாம், பழைய ஞாபகத்தை நம்பாமல் ஒரு தடவை புதிதாகப் பாருங்கள்.

மாதமும் நேரமும்

நம்ம மாவட்டத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது குளம் பெருகும், தண்ணீர் கலங்கும், விரால் எங்கே வேண்டுமானாலும் போய்விடும். மறுகால் பாயும்போது ஏறுகிற மீனை வலையும் கூடையும் வைத்து அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் தூண்டிலுக்கு அவ்வளவு ஆகாது, மார்கழியிலும் தண்ணீர் குளிர்ந்து கிடப்பதால் காலையில் மீன் மந்தமாக இருக்கும். தை பாதிக்கு மேல் நிலைமை மாறும். பிசான நெல் சாகுபடிக்குப் பாய்ந்து தண்ணீர் இறங்க இறங்க, தெளிய தெளிய, வெயிலும் ஏற ஏற, விரால் ஓரத்துக்கு வரும். என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியும்தான் வருஷத்திலேயே நல்ல மாதங்கள். சித்திரை வந்துவிட்டால் குத்தகைக்காரர் வலை இழுக்கத் தொடங்கிவிடுவார், அதற்கப்புறம் நாம் போய் நிற்பதில் நியாயமும் இல்லை, மீனும் இல்லை.

ஆனி, ஆடியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் கால்வாய்க் குளங்களில் திரும்ப உயிர் வரும். அப்போது தொல்லை மேல்காற்று, மேற்கிலிருந்து வீசுகிற காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற அந்தக் காற்றில் லேசான ரப்பர் தவளையை நேராக வீசவே முடியாது. ஆனால் காற்று ஆகாயத்தாமரையை எல்லாம் கிழக்குக் கரைக்கு ஒதுக்கிவிடும், மேற்குப் பக்கம் திறந்துகொள்ளும். நீங்கள் மேற்கே, காற்று முதுகில் படுகிற மாதிரி நின்றால் வீச்சும் தூரம் போகும், ஒதுக்கமான கோரை ஓரத்தில் அலையும் குறைவாக இருக்கும். கிழக்குக் கரையில் ஒதுங்கிய பாயின் உள்ளே மீன் இருக்கும்தான், காற்றை எதிர்த்து வீசப் பொறுமை இருக்கிறவர்கள் அங்கே போகலாம்.

நேரம் என்று பார்த்தால் விடிந்ததிலிருந்து எட்டு எட்டரை வரைக்கும், அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் திறந்த தண்ணீரில் ஒன்றும் கிடைக்காது, ஆனால் பாசிப்பாய்க்கு மேலே தவளையை இழுத்தால் நிழலில் கிடக்கிற விரால் கீழேயிருந்தே பாயைக் கிழித்துக்கொண்டு அடிப்பது உண்டு. வேறு வேலை இல்லாதவர்கள் முயன்று பார்க்கலாம், தொப்பி போட்டுக்கொண்டு.

சாமான்

ராடு 7 அடி, மீடியம் ஹெவி. ரீல் 3000 அளவு ஸ்பின்னிங். இரண்டும் சேர்த்து இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், தொடக்கத்துக்கு அது தாராளம். மிச்சம் பிடித்த காசைத் தூண்டில் நரம்பில் போடுங்கள். சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும், பாசிக்குள் மாட்டினால் மீனையும் இழுக்க முடியாது பாசியையும் அறுக்க முடியாது. பிரெய்டு (இழைகளைப் பின்னிய) நரம்பு, 30 முதல் 40 பவுண்டு வரை இழுவை தாங்குவதாக வாங்குங்கள், அது நீளாது, ஆகாயத்தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் வெறுங்கையில் சுற்றி இழுத்தால் கையையும் அறுக்கும், துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

லூர் என்று கடையில் பெட்டி பெட்டியாகக் காட்டுவார்கள். விராலுக்கு ஒன்றே போதும், உள்ளே காலியாக இருக்கிற ரப்பர் தவளை, 4 அல்லது 5 சென்டிமீட்டர், முதுகை ஒட்டி இரட்டை முள் வைத்தது. முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் மாட்டாது, மீன் கவ்வி அமுக்கும்போதுதான் வெளியே வரும். வாங்கும்போதே விரலால் அமுக்கிப் பாருங்கள், கல்லு மாதிரி இருந்தால் வேண்டாம். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே போன தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் ஆயிரம் சொல்வார். மீன் கீழேயிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது நிழல்தான், அதனால் கறுப்போ அடர்பச்சையோ ஒன்று வாங்கினால் போதும். பாசி இல்லாத திறந்த இடத்துக்கு வேண்டுமானால் ஒரு சின்ன ஸ்பூன் (கரண்டி வடிவத்தில் மின்னுகிற உலோக லூர்) வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு முக்கியம். பாலோமர் முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும்: நரம்பை இரட்டையாக மடித்து வளையத்துக்குள் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் தளர்வாகப் போட்டு, அந்தக் கண்ணிக்குள் தவளையை முழுசாக நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். ஈரமாக்காமல் இறுக்கினால் நரம்பு சூடேறிப் பலம் குறையும்.

உயிருள்ள தவளையைக் குத்திப் போடுகிற பழக்கம் ஊரில் உண்டு. தவளையில் சில இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, அதுவும் போக வயலுக்கு வேண்டிய உயிர் அது. ரப்பர் தவளை அதே வேலையைச் செய்யும்போது எதற்கு?

கையில் காசு இல்லாதவருக்கு மூங்கில் கம்பு இருக்கவே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அடிக் கம்பு, கம்பு நீளத்துக்கே தடித்த நரம்பு, பெரிய முள், மண்புழுவை நாலைந்தாகக் கோத்த கொத்து அல்லது செத்த கெண்டைக்குஞ்சு. மிதப்பும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். மூச்சு எடுத்த பொத்தலுக்கு நேர் மேலே கம்பை நீட்டி, இரையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், பூச்சி விழுந்து துடிக்கிற மாதிரி. ரீல் வைத்திருக்கிறவன் எட்ட முடியாத செடிப் பொத்தலில் இந்தக் கம்பு எட்டும். பாய் அடர்ந்த குளத்தில் இன்றைக்கும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது என் கட்சி.

வீசுவதும் பொறுப்பதும்

மீன் நிற்கிற இடத்துக்கு நேராகத் தவளையைப் போடாதீர்கள், தலையில் விழுந்தால் ஓடிவிடும். ஐந்தாறு அடி தாண்டி விழவிட்டு, வளையம் அடங்குகிற வரை சும்மா இருங்கள். அப்புறம் ராடு நுனியைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வெட்டாக இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அல்லி இலை இருந்தால் அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள், ஒரு மூச்சு பொறுத்து இலை ஓரத்திலிருந்து தண்ணீருக்குள் தொப்பென்று நழுவவிடுங்கள், மறுபடி நிறுத்துங்கள். அடி விழுவது பெரும்பாலும் இழுக்கும்போது அல்ல, நிறுத்தும்போதுதான். புதுசாக வருகிறவர்கள் எல்லாம் அவசரமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், பாதி வேகம் போதும் என்று நினைக்கிற வேகத்தில் இன்னும் பாதி போதும்.

அடித்ததும் டமார் என்று தண்ணீர் தெறிக்கும். நெஞ்சு படபடக்கும், கை தானாக மேலே போகும். போகக் கூடாது. விரால் முதல் அடியில் தவளையை ஓரமாகத்தான் கவ்வியிருக்கும், உடனே இழுத்தால் தவளை மட்டும் பறந்து உங்கள் முகத்துக்கு வரும், அதில் இரண்டு முள் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும். தவளை கண்ணுக்கு மறைந்து நரம்பு நகர்வது தெரிகிற வரைக்கும் பொறுங்கள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, பாரம் தெரிந்ததும் ராடை நேர் மேலே பலமாக ஒரே இழுப்பு.

அடித்துத் தவறிவிட்டதா? தவளையை வெளியே எடுக்காமல் அங்கேயே விட்டு லேசாக ஆட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நாலைந்து நிமிஷம் விட்டு அதே இடத்தில் வீசுங்கள். விரால் கோபக்கார மீன், முள் குத்தாமல் தப்பியிருந்தால் திரும்ப வரும்.

மாட்டிய பிறகு விளையாட்டுக் காட்டக் கூடாது. ரீல் டிராகை (மீன் இழுத்தால் நரம்பு எவ்வளவு சுலபமாக உருவும் என்பதை வைக்கிற திருகு) முன்னாலேயே இறுக்கி வைத்திருக்க வேண்டும், மாட்டியதும் தலையை மேலே தூக்கிப் பாசிக்கு மேலேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நொடி தளர்த்தினால் தண்டுக்குள் சுற்றிக்கொள்ளும். கரையில் பாவிய கல் இருக்கிற இடம் என்றால் கல்லில் மோதவிடாமல் சரிவான மண் இருக்கிற பக்கம் நடத்திக் கொண்டுவந்து, ஒரே வழுக்கலில் மேலே ஏற்றிவிடுங்கள். நரம்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் துள்ளுகிற துள்ளலில் முள் கிழித்துக்கொண்டு போய்விடும். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, கொரடால் முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை வீட்டிலேயே கொரடால் நசுக்கி வைத்துவிட்டால் மீன் வாயிலிருந்தும் சுலபமாக வரும், தப்பித்தவறி உங்கள் கையில் ஏறினாலும் சுலபமாக வரும்.

சிவப்புக் குஞ்சு தெரிந்தால்

தண்ணீர் மேல்மட்டத்தில் மிளகாய்ப்பொடியைக் கொட்டிய மாதிரி ஒரு சிவப்புக் கூட்டம் நகர்ந்தால் அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் அவற்றுக்குப் பசி கிடையாது, குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் அடித்து விரட்டும், அதனால் அந்தக் கூட்டத்துக்குள் தவளையைப் போட்டால் யாருக்கும் பெரிய விரால் மாட்டும். கெட்டிக்காரத்தனம் என்று இதைப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெரியதைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் ஜிலேபியும் கெண்டையும் வந்து குஞ்சைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீனை அழிக்கிற வேலை அது. மழைக்காலத்தில்தான் இது அதிகம் தெரியும், தெரிந்தால் தள்ளிப் போய்விடுங்கள். ஒரு அடிக்குக் குறைந்த விராலையும் விட்டுவிடுங்கள், கறியும் ஒன்றும் தேறாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திருப்பி விடாதீர்கள். வளர்க்கத் தடை போட்ட மீன் அது, குளத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

கொஞ்சம் கவனம்

குளத்தங்கரையில் பாம்பு இருக்கும். தண்ணீர்ப்பாம்பு ஒன்றும் செய்யாது, கரைப்புதரில் கண்ணாடி விரியன் கிடந்தால் அது வேறு கதை. முழுச் செருப்பு அல்லது பூட்ஸ், இருட்டும்போது டார்ச், புதருக்குள் மாட்டிய தவளையைக் கையை விட்டுத் தேடாமல் கம்பால் தள்ளுவது, இந்த மூன்றும் போதும். கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேரே அரசு ஆஸ்பத்திரி.

தேளி மீன் மாட்டினால் வெறுங்கையால் தொடாதீர்கள். பக்கத்துத் துடுப்பில் இருக்கிற முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை தோள் வரைக்கும் கடுக்கும். பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும், இறங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். இடி மின்னல் தெரிந்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும், மொட்டைக் கரையில் உயர்ந்து நிற்பது நீங்களும் உங்கள் ராடும் பனையும்தான். மண் அள்ளிய பள்ளம் பற்றி மேலே சொன்னேனே, மாட்டிய லூரை எடுக்கத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கும் அதே பள்ளம்தான் எமன். நூறு இருநூறு ரூபாய் ரப்பர், போனால் போகட்டும், நரம்பை அறுத்துவிடுங்கள். அறுத்த நரம்பில் கைக்கு எட்டுகிறதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், கொக்கும் நாரையும் கால் மாட்டிக்கொண்டு சாகும்.

பிடித்ததைக் கொண்டுபோவது சுலபம். ஈரச் சாக்கில் சுற்றினால் வீடு போகிற வரைக்கும் உயிரோடு இருக்கும், வாளி என்றால் மூடி போடுங்கள், துள்ளி வெளியே வந்து பைக்கிலிருந்து ரோட்டில் விழுந்த விரால்கள் உண்டு. வழுவழுப்பு போக அடுப்புச் சாம்பலில் தேய்த்துக் கழுவினால் பிடி கிடைக்கும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பா, வறுவலா என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

விரால் அடிக்காத நாளும் வரும், நிறையவே வரும். அதற்காகப் பையில் ஒரு சின்ன முள்ளும், மயிலிறகுத் தண்டு மிதப்பும், டப்பாவில் கொஞ்சம் மண்புழுவும் எப்போதும் வைத்திருங்கள். மடைக்கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு அடி ஆழத்துக்கு மிதப்பைக் கட்டிப் போட்டால் ஜிலேபி மாட்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது, இப்போது எந்தக் குளத்திலும் குறைவில்லை, எவ்வளவு பிடித்தாலும் யாருக்கும் நஷ்டமும் இல்லை. மிதப்பு லேசாக ஆடும்போது விட்டுவிடுங்கள், சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும்போது இழுங்கள்.